டயரை மாற்றியதும் நின்றுபோன குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய மார்கழிக் கடைசியில்தான் இது ஆரம்பித்தது. இடம், நற்பிட்டிமுனையைத் தாண்டி மேற்கே வயல் வட்டைக்குள் நுழைகிற வீதி. எனக்குக் கல்முனை பஸாரில் ஒரு சின்னப் போன் கடை. அடுத்தவர்களின் உடைந்த போன்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் தொழில். பேய், ஜின் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் முதலில் சிரிக்கிற ஆள் நான். இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நான் நடுங்கிய நடுக்கத்தைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கக் கூடாது.

எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன அன்றே, என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், என்னைச் சைக்கிளில் ஏற்றுவதென்று முடிவுசெய்துவிட்டார். பெற்றோலுக்கு வரிசையில் நின்று ஊரே அலுத்துப்போன காலத்தில் அவர் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கியிருந்தார். பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் அவர் அதை விட்டு இறங்கவில்லை. தினமும் சுபஹ் தொழுதுவிட்டு, பள்ளிவாசலடியிலிருந்தே கிளம்பி, வட்டைக்குள் ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார். எனக்கும் ஒரு சைக்கிளை அவரே தேடிப்பிடித்தார்.

அது ஒரு விஞ்ஞான ஆசிரியருடைய சைக்கிள். வட்டைக்கு அப்பால் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். விடியுமுன்பே போய்ப் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு வைப்பாராம், கடைசிவரை இந்தச் சைக்கிளில்தான் போய்வந்தாராம். வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டார். கணவனை இழந்த பெண் வீட்டுக்குள் இருக்கிற இத்தாக் காலம் முடிந்த பிறகு அவருடைய மனைவி சைக்கிளை விற்க நினைத்தார். நாங்கள் எடுக்கப் போனபோது கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றபடி ஒன்றை மட்டும் சொன்னார். “டயர மட்டும் மாத்திராதீங்க தம்பி. அவர் கொழும்பெல்லாம் தேடி எடுத்துப் போட்ட டயர்.” நான் ஓம் என்றேன். அப்போது அந்த எண்ணம்தான் எனக்கும் இருந்தது.

சைக்கிள் பாரமில்லாத நல்ல சைக்கிள்தான். டயர்தான் பொருத்தமே இல்லாமல் இருந்தது. மச்சானுடைய டயர் விரல் தடிப்பில், வழுவழுவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருக்கும். என்னுடையது தடித்த டயர். நடுவில் கட்டை கட்டையாகப் பூ வெட்டியிருந்தது. முள்ளுக்கும் பயமில்லை, கல்லுக்கும் பயமில்லை. ஆனால் தார் வீதியில் உருளும்போது ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் சத்தம் எழும். வேகம் கூடக் கூட முனகலும் கூடும். முதல் நாள் திரும்பி வந்ததும் மச்சான் பள்ளிவாசலடியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “பின்னால உழவு மெஷின் வருதெண்டு ஒதுங்கி நிண்டன். பாத்தா நம்ம மச்சான்!” அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான், உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது.

பனி வந்த பிறகுதான் அந்தக் குரல் வந்தது.

வட்டைக்குள் இறங்கும் பனியைப் பற்றி ஊருக்குள்ளே இருக்கிறவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. வாய்க்காலிலிருந்து எழும்பி வேளாண்மைப் பயிரை மூடி வீதிக்கு ஏறி நிற்கும். லைட்டைப் போட்டால் வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரியும். மச்சான் வழக்கம்போல முன்னே பறந்துவிட்டார். நான் என் டயரின் முனகலை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தேன். அப்போது இடது பக்கத்தில், தலைக்கு மேலே எங்கிருந்தோ, ஓர் ஆண் குரல் நீட்டி இழுத்துக் கூப்பிட்டது.

“சேர்… ஒண்டுமில்ல… போங்க…”

நான் மிதிப்பதை நிறுத்தினேன். முனகலும் நின்றது. பனி, தவளைச் சத்தம், வேறொன்றுமில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு போய்விட்டேன். ஆனால் அடுத்த நாளும் அதே இடத்தில் அதே குரல். அதற்கடுத்த நாளும். என் வாழ்க்கையில் என்னை யாரும் ‘சேர்’ என்று கூப்பிட்டது கிடையாது. ஓ லெவல் பெறுபேறு வந்த அன்று வாப்பா என்னைக் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுதவும் முடியாது. நான் உட்கார்ந்திருக்கிற சைக்கிள்தான் ஒரு சேருடையது, அந்த விஞ்ஞான ஆசிரியருடையது. அந்தச் சேர் மையவாடியில் அடக்கமாகி இருக்கிறார். இந்த இரண்டையும் மனசு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது.

மச்சானிடம் சொன்னேன். அவருக்கு ஒரு நாளும் அந்தக் குரல் கேட்டதில்லையாம். “நீங்க ராவைக்கி போன் பாக்கிறதக் கொஞ்சம் குறைங்க மச்சான்” என்று புத்தி சொன்னார். சரி, ஒரு நாளைக்கு என்னோடு சேர்ந்து வாருங்கள் என்று பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். நான் முன்னால், அவர் சத்தமே இல்லாமல் பின்னால். அந்த இடம் வந்தது. குரலும் வந்தது. “சேர்… ஒண்டுமில்ல… போங்க…” ஊருக்குள் வந்து ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்த பிறகுதான், “எனக்கும் கேட்டிச்சு. ஆனா அது உங்களுக்குத்தான் வருது மச்சான், எனக்கு வரல்ல” என்றார் மச்சான். ஆறுதல் சொல்ல நினைத்தவர், அதைக்கூட என்னை இன்னும் பயப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார்.

ஒரு நாள் பகலில் மோட்டார் சைக்கிளில் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். வீடில்லை, கடையில்லை. வாய்க்கால் ஓரமாக ஒரு பெரிய மருதமரம், சுற்றிவர வேளாண்மை. இவ்வளவுதான். நான் பஸாரில் பிறந்து பஸாரிலேயே வளர்ந்தவன், நெல்லை அரிசியாக மட்டுமே தெரிந்த ஆள். மரத்துக்கு மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியிடம் சொன்னபோது அவ ஆயத்துல் குர்ஸி ஓதாமல் வாசல்படியைத் தாண்டக் கூடாது என்று கட்டளை போட்டா. நான் ஓதினேன். மரம் நெருங்க நெருங்க ஓதும் வேகமும் மிதிக்கும் வேகமும் கூடின. டயரும் கூடவே சத்தமாக முனகியது. குரலும் தவறாமல் வந்தது.

டயரை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். எல்லோருக்கும் சொன்ன காரணம் வேகம். யாருக்கும் சொல்லாத காரணம், சேருடைய எதுவோ அந்தச் சத்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம். சத்தம் வரும்போதுதானே குரலும் வருகிறது? சத்தத்தை ஒழித்தால் எல்லாம் ஒழிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

சைக்கிள் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். டயர்களை மேசையில் பரப்பிவிட்டு, “எந்த ரோட்டுல ஓடப் போறீங்க?” என்று கேட்டார். “மச்சானுக்கு முன்னால ஓடணும்” என்றேன். அவர் சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினார். மொட்டை டயர் நல்ல தாரில் பறக்கும், பிடித்தும் நிற்கும். ஆனால் சேறும் வைக்கோலும் கிடக்கிற இடத்தில் வழுக்கும். மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் தேயும், ஒரு சின்னக் கம்பித் துண்டுகூடக் குத்திவிடும். நடுத்தரமாக ஒன்று இருக்கிறது, கொஞ்சம் அகலம், ஓரத்தில் மட்டும் வெட்டு, அதை எடுங்கள் என்றார். அதைக் கையில் உருட்டிப் பார்த்தேன், இலேசாக ஒரு முனகல் கேட்டது. எனக்கு அது வேண்டாம். இருக்கிறதிலேயே வழுவழுப்பானதை எடுத்து, காற்றைக் கல்லுப்போல அடிக்கச் சொன்னேன். சேருடைய டயர்களைக் கொண்டுபோய் வீட்டுக் களஞ்சிய அறையில் ஓர் ஆணியில் மாட்டினேன்.

அடுத்த நாள் சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடியது. மச்சானின் பின்சில்லை விட்டு விலகாமல் போனேன். மருதமரம் வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குரல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கணக்குச் சரி என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் சத்தமில்லாமல் போவதில் வேறொரு விசித்திரம் இருந்தது. கொக்குகள் நான் கிட்ட வரும்வரை எழும்புவதில்லை. வீதியைக் கடந்துகொண்டிருந்த நரி ஒன்று என்னைக் கண்டு துள்ளிய துள்ளலில் வாய்க்காலுக்குள் விழுந்தது. வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், பனிக்குள்ளிருந்து நான் திடீரென்று பக்கத்தில் வந்ததைப் பார்த்து, கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு வீரிட்டு அலறினாள். அவளைப் பொறுத்தவரை நான்தான் ஜின். அந்த மரத்தடியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும், யாரோ என்னிடம் எதையோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டதுபோல் ஒரு கனம் மனதில் வந்து உட்காரும். குரல் கேட்டபோது இருந்த பயத்தைவிட அந்த அமைதி எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

அறுவடை தொடங்கியிருந்த நாட்களில் ஒரு காலை. என் கடைசி மகளுக்கு அன்றுதான் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு, முதல் நாள். “வாப்பாதான் கூட்டிட்டுப் போகணும்” என்று இரவே சத்தியம் வாங்கியிருந்தாள். மச்சான் கொழும்புக்குப் போயிருந்தார். மகளை நினைத்து அன்றைக்கு நான் வீட்டில் நின்றிருக்கலாம். ஒரு சின்னச் சுற்றுத்தானே, நேரத்துக்கு வந்துவிடலாம் என்று தனியே கிளம்பினேன்.

அன்று இறங்கிய பனியைப்போல் நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதலில் வந்தது வாசம். பச்சைச் சாணமும் கசங்கிய நெற்பயிரும் கலந்த மாதிரி ஒரு வாசம். பிறகு ஒரு சத்தம், யாரோ புதுச் சீலையை நிதானமாகக் கிழிப்பதுபோல. கிழிக்கும், நிற்கும், மறுபடி கிழிக்கும். முன்னால் பனி ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக இருந்தது. மருதமரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மரம் வீதி ஓரத்தில் அல்லவா நிற்கும், இது ஏன் வீதிக்கு நடுவில் நிற்கிறது என்று யோசிப்பதற்குள், அந்தக் கறுப்பில் ஒரு பகுதி மெதுவாக விசிறியது. அது காது.

இரண்டு பிரேக்கையும் சேர்த்து இறுக்கினேன். உழவு மெஷின் சில்லுகள் இழுத்து வந்து போட்ட சேறு, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் பனி ஈரம். என் மொட்டை டயர் எதையும் பிடிக்கவில்லை. பின்சில்லு பக்கவாட்டில் போனது, நான் விழுந்தேன், சைக்கிள் தாரில் உராய்ந்துகொண்டே போய் யானையின் முன்னால் நின்றது. என் காலும் சைக்கிளுக்குள் மாட்டியிருந்தது. யானை வாயில் இருந்த நெற்பயிரோடு அப்படியே நின்றது. அதற்கும் நான் வந்தது தெரியாது, அதுவும் என்னளவு திடுக்கிட்டிருக்க வேண்டும். பிளிறவில்லை. தும்பிக்கையை நீட்டி என் முன்சில்லை மோந்தது. அந்த மூச்சில் சில்லு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. கலிமாகூட வாயில் வரவில்லை. மகள் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அப்போது தலைக்கு மேலிருந்து அந்தக் குரல் வந்தது. அதே குரல், ஆனால் இந்தத் தடவை இழுக்கவில்லை, அலறியது.

“எழும்பாதீங்க! அப்பிடியே கிடங்க!”

ஏதோ ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு வந்து எனக்கும் யானைக்கும் நடுவில் விழுந்து வெடித்தது. காது அடைத்துப்போனது. நிலம் அதிர்ந்தது. வாய்க்கால் தண்ணீர் உடைந்து தெறித்தது. நான் தலையை நிமிர்த்தியபோது முன்னால் வெறும் பனியும் புகையும்தான்.

மருதமரத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். தலையில் போர்வை, நெற்றியில் விபூதி, ஒரு கையில் டோர்ச், மறு கையில் இன்னொரு ஆனை வெடி. அந்த மரத்தின் மேலே பரண் கட்டி வேளாண்மைக்குக் காவல் இருக்கிறவர். என்னைத் தூக்கிவிடக் குனிந்தவர், டோர்ச் வெளிச்சம் சைக்கிளில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

“இது சேர்ட சைக்கிள்” என்றார். பிறகு வெளிச்சத்தை என் முகத்துக்குத் திருப்பி, “நீங்க ஆரு?” என்றார். அவர் மெதுவாக என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது போலும், அதன் பிறகுதான் என் காலைச் சைக்கிளிலிருந்து விடுவித்தார்.

மரத்தடியில் உட்கார வைத்து, சுடுதண்ணிப் போத்தலிலிருந்து பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டே எல்லாம் சொன்னார். சேருக்கும் அவருக்கும் பல வருடப் பழக்கமாம். பனிக்குள் சைக்கிள் லைட் மரத்துக்கு மேலே தெரியாது. ஆகவே, இவருக்கும் கேட்க வேண்டும், யானைக்கும் தூரத்திலேயே கேட்க வேண்டும் என்று சேர் தேடித் தேடி அந்த முனகல் டயரைப் போட்டாராம். முனகல் கேட்டதும் இவர் மேலேயிருந்து வீதிக்கும் வயலுக்கும் காது கொடுத்துப் பார்த்துச் சொல்வார். ஒன்றுமில்லை என்றால் “போங்க.” யானை நின்றால் “நில்லுங்க.”

“அண்ணன், சேர் மவுத்தானது உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியாமலா? மையவாடி மதிலடி வரைக்கும் நானும் போனன்தானே” என்றார். “மார்கழியில திரும்பச் சத்தம் வரத் தொடங்கிச்சு. எனக்குக் கை கால் ஓடல்ல தம்பி. கோயில்ல விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு பரணுக்குள்ள குந்திக்கொண்டிருந்தன்.”

“பிறகேன் கூப்பிட்டீங்க?”

அவர் போத்தல் மூடியைத் திருகி மூடினார். “மனுசியும் அதத்தான் கேட்டா. செத்த ஆள ஆனை என்ன செய்யும் எண்டு. எனக்கும் தெரியா. ஆனா சேர் எங்க போறாரோ, இருட்டுக்குள்ள போறார். சொல்லாம உட மனசு வரல்ல.” பிறகு சத்தம் நின்றுபோன அன்று, சேர் நல்லபடி போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கோயிலில் கற்பூரம் கொளுத்தினாராம்.

நான் பயந்து நடுங்கி ஓதிக்கொண்டு போன அதே நேரத்தில், என் தலைக்கு மேலே இன்னொரு மனிதர் என்னைப் பார்த்துப் பயந்து நடுங்கிக்கொண்டு, அப்படியிருந்தும் எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

புறப்படும்போதுதான் அவர் அதைச் சொன்னார். “நேத்துச் சூடடிச்ச அலுப்பு. இண்டைக்கு அசந்து நித்திரையாப் போனன் தம்பி. ஆனை வந்ததும் தெரியா. நல்ல காலம், உங்கட டயர்ச் சத்தம் கேட்டு முழிச்சன். நில்லுங்க எண்டு கத்த வாயெடுக்கக்குள்ள விழுந்திட்டீங்க.”

நான் குனிந்து என் டயரைத் தடவிப் பார்த்தேன். சேறு அப்பிய மொட்டை டயர், முனகவே தெரியாத டயர். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவர் தனியே அந்தப் பரணில் இருக்க வேண்டியவர்.

வீட்டுக்கு வந்ததும், முழங்கால் இரத்தத்தைக்கூடக் கழுவாமல் களஞ்சிய அறையைத் திறந்தேன். சேருடைய டயர்கள் ஆணியில் அப்படியே தொங்கின. மேலே சிலந்தி வலை கட்டியிருந்தது. வெளியே மகள் புதுச் சப்பாத்தோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நொண்டி நொண்டி அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவளுடைய கையை நான் விடவே இல்லை, “நோகுது வாப்பா” என்று அவள் இரண்டு தடவை சொன்னாள்.

அந்த வாரமே பழைய டயர்களைத் திரும்பப் போட்டேன். சேருடைய வீட்டுக்கும் போய், கதவுச் சீலைக்கு இந்தப் பக்கம் நின்று அவருடைய மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சீலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டார். பிறகு, “அவருக்கு ஆரும் தனியாப் போறது புடிக்காது” என்று மட்டும் சொன்னார். இதையெல்லாம் கேட்ட மச்சான், அதேபோல் முனகுகிற டயர் தனக்கும் வேண்டும் என்று கடைகடையாக அலைந்தார். இப்போது பள்ளிவாசலடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

காவல்காரரிடம் நான் சேர் இல்லை, வெறும் போன் கடைக்காரன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். “சத்தம் அவர்டதானே தம்பி” என்று சிரிப்பார். இன்றைக்கும் பனி இறங்கினால் மரத்துக்கு மேலிருந்து “சேர்… ஒண்டுமில்ல… போங்க…” என்றுதான் வருகிறது. நானும் “ஓம் அண்ணன்” என்று பதில் கொடுத்துவிட்டுப் போகிறேன். அன்று அவரை எழுப்பியது எந்தச் சத்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் செத்துப்போனவர் என்று நம்பியும், பயத்தில் உடல் நடுங்கியும், அவர் பத்திரமாகப் போகட்டும் என்று ஒரு மனிதர் இருட்டுக்குள் குரல் கொடுத்தாரே, உயிரோடு இருக்கிற ஒருவருக்காவது நான் அப்படி ஒரு குரல் கொடுத்திருக்கிறேனா என்ற கேள்வி, அந்த மருதமரத்தைக் கடக்கும்போதெல்லாம் என் சில்லோடு சேர்ந்து உருண்டு வருகிறது.